பழைய ஈஸ்டர் கோழிக்குஞ்சு அட்டைகள் வாங்கப்போகிறீர்களா? முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள்

நூறு வருஷத்துக்கு முந்தைய ஈஸ்டர் வாழ்த்து அட்டைகளில் வரும் கோழிக்குஞ்சுகளை ஒருமுறை பார்த்துவிட்டால் லேசில் விடமுடியாது. முட்டை ஓட்டை வண்டியாக்கி இழுத்துக்கொண்டு போகும் குஞ்சுகள், தொப்பி போட்டுக் குடை பிடித்து நடக்கும் குஞ்சுகள், பாதி உடைந்த ஓட்டுக்குள்ளிருந்து எட்டிப்பார்க்கும் ஈரத்தலைக் குஞ்சு. ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் கட்டுக்கட்டாக அச்சடித்த அட்டைகள் இவை. இன்றைக்கும் ஒரு ஹோட்டல் சாப்பாட்டு விலைக்கு அசல் கிடைக்கிறது.

ஆனால் இங்கே உட்கார்ந்துகொண்டு அங்கிருந்து வரவழைப்பது வேறு கதை. எது அசல், எந்த வருஷத்தது, என்ன விலை நியாயம், தபாலுக்கு எவ்வளவு, சுங்கத்தில் என்ன கேட்பார்கள், வந்தபிறகு நம்ம ஊர்ப் புழுக்கத்தில் எப்படிக் காப்பாற்றுவது என்று தமிழில் ஒரே இடத்தில் எங்கும் கிடைக்கவில்லை. தட்டுத்தடுமாறி ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: படம் நம்மை மயக்கும், விவரம் எல்லாம் பின்பக்கத்தில்தான் இருக்கும். பின்பக்கப் படம் போடாத விற்பனையாளரிடம் அதைக் கேட்டு வாங்கிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

1. எந்த வகை வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

மூன்று வகை இருக்கிறது. விலையும் வேறு, சோதிக்கும் முறையும் வேறு.

முதல் வகை, லித்தோ என்னும் கல்லச்சு முறையில் வந்த வண்ண அட்டைகள். பெரும்பாலும் ஜெர்மனியில் அச்சடித்து அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் விற்றவை. குஞ்சும் முட்டையும் புடைத்து நிற்கும்படி எம்பாஸ் செய்திருப்பார்கள், சிலவற்றில் தங்க மினுக்கும் இருக்கும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இதுதான் சரி. நான் பார்த்தவரை சாதாரண அட்டை 3 முதல் 8 டாலருக்குள் கிடைக்கிறது.

இரண்டாவது, ஐரோப்பிய ஸ்டூடியோ அட்டைகள். ஒரு சிறுமி படத்துக்காகச் செய்துவைத்த பெரிய பொம்மை முட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள், மடியில் குஞ்சுகள், கருப்பு வெள்ளைப் புகைப்படத்தின்மேல் கையால் வண்ணம் ஏற்றியிருப்பார்கள். 'ஃப்ரோலிஹ ஓஸ்டர்ன்' என்று இருந்தால் ஜெர்மன், 'ஷுவாயேஸ் பாக்' என்று இருந்தால் பிரெஞ்சு, 'கிளாட் போஸ்க்' என்றால் ஸ்வீடிஷ். இவை பல நேரம் முதல் வகையைவிடவும் மலிவு.

மூன்றாவது, அசல் புகைப்பட அட்டைகள். அமெரிக்கப் பண்ணை வீடுகளில் எடுத்த படத்தை நேரடியாக அஞ்சலட்டை அளவுப் புகைப்படத் தாளில் பிரின்ட் போட்டது. கோடாக் கம்பெனி 1903இல் கொண்டுவந்த 3ஏ மடக்குக் கேமராவின் நெகட்டிவ் அளவே அஞ்சலட்டை அளவுதான். அதனால் வீட்டிலிருந்தபடியே அட்டை போட முடிந்தது. நீளப் பாவாடை கட்டிய பெண் ஏப்ரனிலிருந்து தீனி வீசுகிறாள், காலைச் சுற்றிப் புள்ளிவரிப் பிளிமவுத் ராக் கோழிகள், கொத்திக்கொண்டிருக்கும் தலைகள் மட்டும் கலங்கித் தெரிகின்றன. அந்தக் காலத்துப் பிலிமுக்கு அந்த வேகம் பிடிபடவில்லை. எனக்கு இந்த வகைதான் உயிர். ஆனால் ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு பிரதிதான் இருக்கும் என்பதால் விலை 10 டாலரில் தொடங்கி 30, அதற்கு மேலும் போகும். ஊர்ப்பெயர் எழுதியிருந்தால் இன்னும் ஏறும். கலிபோர்னியாவின் பெட்டலூமா கோழிப்பண்ணைக்கே பேர்போன ஊர், அந்தப் பெயர் இருந்தால் கோழி பிடித்தவர்களோடு ஊர் வரலாறு சேர்ப்பவர்களும் போட்டிக்கு வருவார்கள்.

முதல் சில மாதங்கள் முதல் வகையோடு நில்லுங்கள். கண் பழகட்டும்.

2. காசு செலவழிக்காமல் கொஞ்ச நாள் பாருங்கள்

நியூயார்க் பொது நூலகத்தின் டிஜிட்டல் தொகுப்பில் பண்டிகை அஞ்சலட்டைகள் நிறைய இருக்கின்றன, பெரிய அளவில் பார்க்கலாம். ஈபேயில் 'விற்று முடிந்தவை' என்று ஒரு வடிகட்டி உண்டு, அதைப் போட்டுப் பாருங்கள். கேட்கும் விலை வேறு, விற்ற விலை வேறு. 25 டாலர் போட்டு வருஷக்கணக்கில் தூங்கும் அதே அட்டை இன்னொருவரிடம் 4 டாலருக்குப் போயிருக்கும். ஐரோப்பிய அட்டைகளுக்கு டெல்காம்ப் தளத்தில் தேடுங்கள், அந்தந்த நாட்டு மொழியில் தேடினால் அதிகம் கிடைக்கும்.

3. பின்பக்கத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இதற்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும்.

முதலில் நடுக்கோடு. முகவரி ஒரு பக்கம், செய்தி ஒரு பக்கம் என்று பிரிக்கும் கோடு இங்கிலாந்தில் 1902இலும், ஜெர்மனியில் 1905இலும், அமெரிக்காவில் 1907 மார்ச் 1 முதலும் அனுமதிக்கப்பட்டது. அதற்கு முன் பின்பக்கம் முழுக்க முகவரிக்கு மட்டும்தான், அதனால்தான் சில அட்டைகளில் குஞ்சுகளின் காலடியில் நெருக்கி நெருக்கி எழுதியிருப்பார்கள். அமெரிக்க அட்டையில் கோடு இல்லாமல் 'போஸ்ட் கார்டு' என்று மட்டும் இருந்தால் ஏறக்குறைய 1901 டிசம்பரிலிருந்து 1907 வரை. 'பிரைவேட் மெயிலிங் கார்டு' என்றும் 1898 மே 19 சட்டம் என்றும் அச்சிட்டிருந்தால் அதற்கும் முந்தையது. படத்தைச் சுற்றி வெள்ளை பார்டர் விட்டிருந்தால் பெரும்பாலும் 1915க்குப் பிறகு. 'பிரிண்டட் இன் ஜெர்மனி' அல்லது 'சாக்சனி' என்று இருந்தால் பெரும்பாலும் முதல் உலகப்போருக்கு முன். அச்சுத் தரத்திலும் அந்தக் காலத்து ஜெர்மன் அட்டைகளை அடித்துக்கொள்ள ஆளில்லை.

அப்புறம் ஸ்டாம்பும் முத்திரையும். ஈஸ்டர் அட்டையில் ஒரு வசதி இருக்கிறது. பண்டிகை வருஷத்துக்கு வருஷம் தேதி மாறும், அட்டையை ஜனங்கள் பண்டிகைக்கு ஓரிரு நாள் முன்னால்தான் தபாலில் போடுவார்கள். அதனால் முத்திரையில் வருஷம் அழிந்துபோயிருந்தாலும் மாதமும் நாளும் இருந்தால் போதும். இந்த வரிசையைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்: 1907 மார்ச் 31, 1908 ஏப்ரல் 19, 1909 ஏப்ரல் 11, 1910 மார்ச் 27, 1911 ஏப்ரல் 16, 1912 ஏப்ரல் 7, 1913 மார்ச் 23, 1914 ஏப்ரல் 12, 1915 ஏப்ரல் 4.

என்னிடம் ஓர் அட்டை இருக்கிறது. இரண்டு குஞ்சுகள் ஒரு புழுவின் இரு முனையையும் பிடித்து இழுக்கின்றன, மூன்றாவது ஒதுங்கி நின்று வேடிக்கை பார்க்கிறது. நடுக்கோடு இருக்கிறது, அமெரிக்க முத்திரையில் மார்ச் 21 தெளிவாக விழுந்திருக்கிறது, வருஷம் வெறும் கறை. மேலே உள்ள வரிசையில் அந்தத் தேதிக்குப் பக்கத்தில் வருவது 1910, 1913 இரண்டும்தான். இப்போது ஸ்டாம்பைப் பாருங்கள். பச்சை ஒரு சென்ட் ஸ்டாம்பில் 1908இலிருந்து பெஞ்சமின் பிராங்க்ளின் தலை இருந்தது. 1912இல்தான் அந்த விலை ஸ்டாம்புக்கு ஜார்ஜ் வாஷிங்டன் வந்தார். என் அட்டையில் வாஷிங்டன், ஆக 1913. பிராங்க்ளின் இருந்தால் அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது, பழைய ஸ்டாம்பை வைத்திருந்து ஒட்டியிருக்கலாம்.

விற்பனையாளர்கள் 'சுமார் 1900' என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுவார்கள். இந்தக் கணக்கு தெரிந்தால் அதை நம்ப வேண்டிய அவசியம் இருக்காது.

அச்சகக் குறிகளும் பின்பக்கத்தில்தான் பெரும்பாலும் இருக்கும். ஓவியம் வரையும் ஸ்டாண்டும் வண்ணத்தட்டும் இருந்தால் லண்டன் ரபேல் டக் கம்பெனி. சாய்சதுரத்துக்குள் பி.எஃப்.பி. என்று இருந்தால் பெர்லின் பால் ஃபின்கன்ராத், எம்பாஸ் ஆழமாக இருக்கும், தடவிப் பார்த்தாலே தெரியும். எல்லன் கிளாப்சேடில் என்ற ஓவியர் நியூயார்க் இன்டர்நேஷனல் ஆர்ட் கம்பெனிக்கு நிறைய வரைந்திருக்கிறார், அவர் கையெழுத்து இருந்தால் விலை கூடும். இங்கே ஒரு பொறி: கையெழுத்தே இல்லாத அட்டைக்கும் அவர் பெயரைத் தலைப்பில் போட்டு விலையை இரட்டிப்பாக்குவார்கள். கையெழுத்து எங்கே இருக்கிறது என்று நெருக்கமான படம் கேளுங்கள். காட்ட முடியாவிட்டால் சாதாரண விலைக்குமேல் தராதீர்கள்.

புகைப்பட அட்டைக்கு, ஸ்டாம்பு ஒட்டும் கட்டத்தைப் பாருங்கள். அங்கே தாள் தயாரித்த கம்பெனியின் பெயர் இருக்கும். ஆங்கிலத்தில் ஏ, இஸட், ஓ என்ற மூன்றெழுத்துப் பெயர்தான் அதிகம் கண்ணில் படும். மூலைகளில் நான்கு முக்கோணங்களும் மேல்நோக்கி இருந்தால் சுமார் 1904 முதல் 1918 வரை, இரண்டு மேலே இரண்டு கீழே பார்த்தால் 1918 முதல் 1930 வரை. இது தாளின் வயசு மட்டும்தான், படம் அதற்குச் சில வருஷம் பின்னாலும் எடுத்திருக்கலாம்.

4. அசலா, மறுபதிப்பா?

பழைய குஞ்சுப் படங்களைப் பின்னாளில் திரும்பத் திரும்ப அச்சடித்து விற்றிருக்கிறார்கள். அவற்றை 'விண்டேஜ்' என்று போட்டு விற்பவர்கள் எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் இல்லை, பலருக்கே தெரியாது. நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அளவைக் கேளுங்கள். பழைய அட்டை சுமார் 9 க்கு 14 சென்டிமீட்டர். 10 க்கு 15 என்றால் சந்தேகப்படுங்கள். பதிப்பாளர் முகவரியில் ஐந்து இலக்க ஜிப் கோடு இருந்தால் 1963க்குப் பிந்தையது, அமெரிக்காவில் அது வந்ததே அந்த வருஷம்தான். பார்கோடு இருந்தால் பேச்சே இல்லை.

கையில் வந்ததும் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வைத்துக் குஞ்சின் மஞ்சள் உடம்பைப் பாருங்கள். பழைய லித்தோவில் புள்ளிகள் ஒழுங்கில்லாமல், மணல் தூவியதுபோல் பல நிறங்களில் இருக்கும். இன்றைய ஆஃப்செட் அச்சில் ஒரே சீரான வட்ட வட்டமான புள்ளிக்கோலம் தெரியும். அசல் புகைப்படத்தில் புள்ளியே இருக்காது, கருப்பான இடங்களைச் சாய்த்துப் பார்த்தால் சில நேரம் வெள்ளிபோல் ஒரு பளபளப்பு தெரியும். இன்னொரு சோதனை, இருட்டறையில் புற ஊதா டார்ச். சுமார் 1950 முதல் தாள்களில் வெண்மையூட்டும் ரசாயனம் சேர்க்கத் தொடங்கினார்கள், அந்தத் தாள் நீலவெள்ளையாக ஒளிரும், பழைய தாள் மங்கலாகவே இருக்கும். லென்ஸ், டார்ச் இரண்டும் சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். முதல் அட்டைக்கு முன்னால் இவற்றை வாங்குங்கள்.

5. குறைகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்

மூலை மழுங்கியிருப்பது பரவாயில்லை. எழுதி, தபாலில் போய் வந்த அட்டையை ஒதுக்காதீர்கள், எழுதாத அட்டையைவிட அதில்தான் வருஷமும் ஊரும் மனுஷர்களும் இருக்கிறார்கள். கவனிக்க வேண்டியவை வேறு: படத்தின் குறுக்கே மடிப்பு, ஓரம் கத்தரித்திருப்பது, ஸ்டாம்பைக் கிழித்தெடுத்ததில் தேதி போயிருப்பது, கனத்தின் அடியில் கிடந்து எம்பாஸ் தட்டையானது, ஆல்பத்தில் ஒட்டிக் கிழித்த கருப்புத்தாள். பளபளப்பான ஜெலட்டின் பூச்சு உள்ள அட்டைகளில் மேற்பரப்பு வெடித்திருக்கும், நேராக எடுத்த படத்தில் அது தெரியாது. வெளிச்சத்தில் சாய்த்து ஒரு படம் அனுப்பச் சொல்லுங்கள். நல்ல விற்பனையாளர் அலுத்துக்கொள்ளமாட்டார்.

6. எப்போது வாங்குவது

பிப்ரவரியிலிருந்து ஈஸ்டர் வரை தொடாதீர்கள், அப்போது எல்லாரும் தேடுவார்கள். பண்டிகை முடிந்த பிறகு, மே முதல் செப்டம்பர் வரை, அதே அட்டைகள் நிதானமான விலையில் இருக்கும். கலப்புக் கட்டுகளாக வருவதைப் பாருங்கள், அதில் முயலும் தேவதையும் லில்லிப் பூவும் கலந்திருந்தாலும் தனித்தனியாக வாங்குவதைவிட ஓர் அட்டையின் விலை குறையும்.

7. பணம், தபால், சுங்கம்

பல பேர் இங்கேதான் மனம் வெறுத்துப்போகிறார்கள்.

உங்கள் டெபிட் அல்லது கிரெடிட் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை பெரும்பாலும் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். வங்கி செயலியில் போய் நீங்கள்தான் இயக்க வேண்டும், வரம்பையும் சின்னதாக வையுங்கள், வாங்கி முடித்ததும் அணைத்துவிடுங்கள். அந்நியச் செலாவணிக் கட்டணம் பல கார்டுகளில் 2 முதல் 3.5 சதவீதம், அதன்மேல் ஜிஎஸ்டி.

அட்டையைவிடத் தபால்தான் விலை. அமெரிக்க அஞ்சல் துறை 2018இலிருந்து வெளிநாட்டுக்குப் போகும் சாதாரணக் கடித உறையில் ஆவணம் மட்டும்தான் அனுமதிக்கிறது, பொருள் என்றால் பார்சல் கட்டணம். அதனால் 5 டாலர் அட்டைக்கு 15 டாலருக்கும் மேல் தபால் செலவு காட்டும்போது விற்பனையாளரோடு சண்டை போடாதீர்கள், அவர் கையில் இல்லை. செய்ய வேண்டியது இதுதான்: ஒரே விற்பனையாளரிடம் பத்துப் பதினைந்து அட்டை சேருங்கள், காசு கட்டுவதற்கு முன்னாலேயே 'எல்லாம் சேர்த்து ஒரே பார்சலாக எவ்வளவு' என்று எழுதிக் கேளுங்கள், மொத்த பில் வந்தபிறகு கட்டுங்கள். தனித்தனியாகக் கட்டிவிட்டு அப்புறம் கேட்டால் சிலர் திருப்பித்தரமாட்டார்கள்.

ஆவணங்கள்: ஆர்டர் ரசீது, விற்பனைப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், காசு கட்டியதற்கான சான்று. மூன்றையும் ஒரே பிடிஎஃப் ஆக்கி வைத்துக்கொள்ளுங்கள். பார்சலின்மேல் சிஎன் 22 என்ற சுங்க அறிவிப்புச் சீட்டு ஒட்டியிருக்க வேண்டும், அதில் 'பழைய அச்சு அஞ்சலட்டைகள்' என்று பொருளும் உண்மையான விலையும் எழுதச் சொல்லுங்கள். 'அன்பளிப்பு' என்று போடச் சொல்லாதீர்கள். அது பொய்க் கணக்கு என்பது ஒருபக்கம் இருக்க, வெளிநாட்டிலிருந்து வரும் அன்பளிப்புக்கு இருந்த வரிவிலக்கை இந்தியா 2019 டிசம்பரிலேயே எடுத்துவிட்டது, ஆக லாபமும் இல்லை. விலையைக் குறைத்துப் போட்டால், தொலைந்துபோகும்போது இழப்பீடு கேட்கவும் வழியில்லை.

தனியார் கூரியரில் வந்தால் கேஒய்சி கேட்பார்கள், அடையாள அட்டையும் முகவரிச் சான்றும் தயாராக இருக்கட்டும். பார்சலில் இருக்கும் பெயரும் அடையாள அட்டையில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். இனிஷியல் முன்னால் ஒன்றிலும் பின்னால் ஒன்றிலும் இருந்து பார்சல் நின்றுபோவது நம்மவர்களுக்கு அடிக்கடி நடக்கிறது. கணக்குத் தொடங்கும்போதே ஆதாரில் உள்ளபடி பெயரைப் போடுங்கள். அஞ்சல் துறை வழியாக வந்து வரி விதித்திருந்தால், தபால்காரரிடமோ தபால் நிலையத்திலோ கட்டி வாங்கிக்கொள்ளலாம், ரசீது கேட்டு வாங்குங்கள். வரி விகிதம் மாறிக்கொண்டே இருக்கும், ஆர்டர் போடும் வாரத்தில் மறைமுக வரிகள் மற்றும் சுங்க வாரியத்தின் தளத்தில் பார்த்துவிடுங்கள்.

காலம்: மூன்று முதல் ஆறு வாரம் என்று மனதைத் தயார்செய்துகொள்ளுங்கள். கண்காணிப்பு எண் இரண்டு எழுத்து, ஒன்பது இலக்கம், நாட்டின் இரண்டு எழுத்து என்ற அமைப்பில் இருந்தால் அதையே இந்திய அஞ்சல் தளத்திலும் போட்டுப் பார்க்கலாம். ஈபேயில் 'வரவில்லை' என்று புகார் கொடுக்க, அவர்கள் சொன்ன கடைசி விநியோக நாளிலிருந்து 30 நாள் அவகாசம். 'இன்னும் கொஞ்சம் பொறுங்கள்' என்று விற்பனையாளர் கேட்டால் தாராளமாகப் பொறுத்துக்கொள்ளுங்கள், ஆனால் அந்த 30ஆம் நாளைக் காலண்டரில் குறித்து வைத்து அதற்குமுன் புகாரைப் பதிந்துவிடுங்கள். எனக்கு ஒரு விற்பனையாளர் இனிக்க இனிக்கப் பேசியே அந்த நாளைத் தாண்ட வைக்கப் பார்த்தார்.

8. வந்ததும் என்ன செய்வது

உறையைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள். சேதம் இருந்தால் அதுதான் சாட்சி.

தண்ணீர் வைத்துத் துடைக்காதீர்கள், வண்ணமும் ஜெலட்டினும் தாங்காது. லேமினேஷன் வேண்டவே வேண்டாம். பசைப் பக்கம் உள்ள ஆல்பமும் கூடாது. பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் உறை வாங்குங்கள், பிவிசி உறை நாளாக ஆக ஒட்டிக்கொண்டு படத்தையே கெடுக்கும். வாசனை தூக்கலாக, புது மழைக்கோட்டு மாதிரி இருந்தால் அது பிவிசியாக இருக்க வாய்ப்பு அதிகம். உறையிலிட்டுப் பெட்டியில் நிற்கவைத்து அடுக்குங்கள், படுக்கவைத்து அடுக்கினால் அடியில் உள்ள எம்பாஸ் நசுங்கும்.

நம்ம ஊரில் பெரிய எதிரி ஈரப்பதம், அடுத்து இராமபாணப் பூச்சி. வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியில் வைக்காதீர்கள். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போட்டு, மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை எடுத்துக் காயவைத்துத் திரும்ப வையுங்கள். ஒரு சின்ன ஈரப்பதமானி வைத்தால் இன்னும் நல்லது, 50 சதவீதத்தைச் சுற்றி இருந்தால் போதும். நாப்தலீன் உருண்டையை அட்டைகளோடு வைக்க வேண்டாம்.

9. ஸ்கேன் செய்வதும் பகிர்வதும்

இரண்டு பக்கத்தையும் 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். எம்பாஸ் ஸ்கேனில் செத்துப்போகும், அதற்கு ஜன்னல் ஓரம் வைத்துப் பக்கவாட்டு வெளிச்சத்தில் போனில் ஒரு படம் எடுத்தால் குஞ்சின் வயிறு அப்படியே உப்பி நிற்கும். கோப்பின் பெயரில் வருஷம், அச்சகம், வாங்கிய தேதி, கொடுத்த விலை நான்கையும் போடுங்கள்.

இந்தப் படங்களை வைத்து வாழ்த்து அட்டையோ டி-ஷர்ட்டோ போட நினைத்தால் காப்புரிமை பாருங்கள். அமெரிக்காவில் வெளியாகி 95 ஆண்டுகள் முடிந்தவை பொதுவுடைமை. இந்தியச் சட்டப்படி ஓவியத்துக்கு ஓவியர் இறந்து 60 ஆண்டு, புகைப்படத்துக்கு வெளியாகி 60 ஆண்டு. ஜெர்மனியில் இறந்து 70 ஆண்டு. ஓவியர் பெயர் தெரிந்த ஐரோப்பிய அட்டையை வியாபாரத்துக்கு எடுக்கும் முன் அவர் இறந்த வருஷத்தைத் தேடிப் பாருங்கள். கிளாப்சேடில் 1934இல் இறந்தார், அவருடைய அட்டைகளில் அந்தச் சிக்கல் இல்லை. இன்னொருவரின் தளத்திலிருந்து ஸ்கேனை எடுத்தால் எங்கிருந்து எடுத்தீர்கள் என்று எழுதுங்கள், உங்கள் அட்டையைப் பகிரும்போது பின்பக்கத்தையும் சேர்த்தே போடுங்கள்.

ஒரே அட்டை இரண்டு வந்துவிட்டால் விற்க அவசரப்படாதீர்கள், இங்கிருந்து அனுப்பும் தபால் செலவு விலையைத் தின்றுவிடும். அடுத்த முறை கட்டு வாங்கும்போது அந்த விற்பனையாளரிடமே மாற்றிக்கொள்ளலாமா என்று கேளுங்கள், சிலர் ஒத்துக்கொள்கிறார்கள்.